பாய்லர் மாமாவின் கப்புச்சினோ

நான் ஒன்பது வருஷமாகக் காபிக் கடையில் மெஷின் முன்னால் நிற்கிறவன். கடை என்னுடையது இல்லை, முதலாளி வேறு. ஆனால் அந்த மெஷினை என்னைத் தவிர வேறு யார் தொட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட என்னை, ரொட்டி டப்பா அகலமே உள்ள ஒரு கேப்ஸ்யூல் மெஷினை வைத்துக்கொண்டு என் அக்கா வீட்டுக்காரர் மண்ணைக் கவ்வ வைத்தார். அதில், காபித்தூள் அடைத்த ஒரு குட்டி டப்பியைப் போட்டால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கப் காபிதான் வரும். அந்த மெஷினும் குப்பைக்குப் போக இருந்தது. தோற்றவன் சொல்கிற கதை என்பதால் இதில் அளப்பு இருக்காது என்று நம்பலாம்.

மாமா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பாய்லர் ஆபரேட்டர். வார்டுகளின் படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷன் அறைத் துணி என்று அத்தனையும் அவர் அனுப்புகிற நீராவியில்தான் வெளுத்துக் காய்ந்து இஸ்திரி ஆகிப் போகும். இருபத்தாறு வருஷமாக இரவு ஷிப்ட். அங்கே அவர் பேரே ‘நீராவி’தான். பாய்லரின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. இப்போது காது மெஷின் மாட்டினால் பாதி கேட்கும், மாட்டாவிட்டால் இடி விழுந்தாலும் ‘என்னது?’ என்பார். பேச்சு மட்டும் பக்கத்தில் பாய்லர் ஓடுவது போலத்தான். அவர் நம் காதில் ரகசியம் சொன்னால் மூன்றாம் வீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்வார்.

காதில் போனதைக் கையில் வாங்கிக்கொண்டவர் அவர். எதைப் பார்த்தாலும் உள்ளங்கையை வைப்பார். என் கடைக்கு வந்தால் முதலில் ஃபிரிட்ஜ் மேல் கை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பியில் கை. ஒருமுறை பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் கை வைத்துவிட்டு, “பேரிங் போகப்போவுது, பாத்துக்குங்க” என்றார். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் மோட்டார் நின்றது, சிரிப்பும் நின்றது.

அக்கா சட்டை தைக்கும் ஃபேக்டரியில் செக்கர். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் விரித்து, தையல் தவறின இடத்தில், பட்டன் ஆடுகிற இடத்தில், சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக இதைச் செய்து செய்து, குறை இருந்தால் ஒட்டாமல் விடக் கை கேட்காது. வீட்டில் ஒழுகும் குழாயில் அம்பு. என் சட்டைக் காலரில் அம்பு. ஒரு நாள் மாமா தாடி மழிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தபோது கன்னத்தில் அம்பு. அவர் அந்த அம்போடேயே எழுந்து கடைக்குப் போய் ரேசர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

இவர்கள் இரண்டு பேரும் குடும்பம் நடத்திய அழகைச் சொல்கிறேன். மாமா ஷிப்ட் முடிந்து ஆறு இருபதுக்கு வீட்டுக்கு வருவார். அக்கா தலை சீவிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு இருப்பாள். ஆறு நாற்பதுக்குக் கிளம்பிவிடுவாள். இரண்டு தெரு தள்ளி என் கடை. அதன் வாசலில்தான் ஏழு பத்துக்கு ஃபேக்டரி பஸ் நிற்கும். அதுவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நான் போடும் கப்புச்சினோவைக் குடிப்பாள், குடித்துக்கொண்டே சூப்பர்வைசரைத் திட்டுவாள். மாலை அவள் திரும்பும் நேரத்தில் மாமா வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு வார விடுமுறை புதன், அவளுக்கு ஞாயிறு. புதன் இரவு அவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார், அவள் ஒன்பது மணிக்கே குறட்டை. ஞாயிறு அவர் குறட்டை. ஒரே மகளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்பதற்குச் செருப்பு அலமாரிதான் சாட்சி.

ஒரு நாள் மாலை மாமா என் கடைக்கு வந்தார். வழக்கமாக வராதவர். ஃபிரிட்ஜ் மேல் கை வைக்கக்கூட மறந்துவிட்டார்.

“என்ன மாமா, உடம்பு சரியில்லையா?”

“உங்க அக்கா புதுக் கண்ணாடி போட்டிருக்கா மாப்ள.”

“ஆமா. நல்லாத்தான் இருக்கு, அந்தக் கறுப்பு ஃப்ரேம்.”

“நீ எப்பப் பாத்தே?”

“அவ போட்டுட்டு வந்த அன்னைக்கே.”

“நான் இன்னைக்குத்தான் பாத்தேன். பன்னெண்டு நாளாச்சாம் மாப்ள! பன்னெண்டு நாளு!” கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. “அவ சிரிக்கறா. பரவால்லங்க, பழைய மாதிரிதானே இருக்குன்னு சிரிக்கறா. எனக்கு அசிங்கமா இருக்கு.”

நான் கவுன்டரைத் துடைத்தேன். அவர் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இங்கதான உக்காருவா?”

“ஆமா.”

“அந்த இருபது நிமிஷம் எனக்கு வேணும் மாப்ள. அவ காபிக்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் கிளம்பறா. அந்தக் காபிய நான் வீட்லயே போட்டுக் குடுத்துட்டா?”

நான் சிரித்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை, வாய் தானாகச் சிரித்துவிட்டது. பால் பொங்கியதுகூடத் தெரியாமல் அடுப்பங்கரையில் நின்று பேப்பர் படிக்கிற மனிதர். இவர் கப்புச்சினோ போடுவதா?

மெஷின் அடுத்த வாரமே அவர் கண்ணில் பட்டது. டாக்டர்களின் ஓய்வறையில் இருந்த கேப்ஸ்யூல் மெஷின். பக்கவாட்டில் பால் நுரைக்க ஒரு குட்டி ஆவிக் குழாய் உண்டு. விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, இனி உதவாது என்று கழித்துக்கட்டி, சலவைக்கூடத்துக்குப் பக்கத்து நடையில் மற்றக் கழிவுச் சாமான்களோடு வைத்திருந்தார்கள். மாமா தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி விரலால் வழித்துப் பார்த்தார். வெள்ளையாகப் பொருக்கு வந்தது. அவருக்கு அது பழைய எதிரி. பாய்லர்க் குழாய்களில் இதே உப்பைச் சுரண்டிச் சுரண்டித்தான் அவர் தலை நரைத்தது.

“இது சாகல. உப்பு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்” என்று ஸ்டோர் கீப்பரிடம் சொல்லி, சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். புதன்கிழமை முழுக்க எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஓட்டி, ஊறப்போட்டு, மறுபடி ஓட்டினார். முதலில் கலங்கலாக வந்தது, பிறகு முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லாக விழுந்தது. நாலாவது தடவை விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது. எனக்கு வீடியோ கால் போட்டார். திரையில் அவர் முகம் இல்லை. கப்புக்குள் இழையாக இறங்குகிற காபி மட்டும் தெரிந்தது, பின்னாலிருந்து ஊரே கேட்கும்படி, “வருது மாப்ள! வருது! டாக்டருங்க பத்துப் பேரு இது செத்துப்போச்சுன்னு சர்டிபிகேட் குடுத்தாங்க!” என்ற கூச்சல்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். கேப்ஸ்யூலை எடுத்து விரலில் உருட்டிவிட்டு, “என்னங்க இது, மாத்திரைக் காபியா? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்றாள். பிறகு நிபந்தனை போட்டாள்.

“ஒரு நாளைக்கு ஒரு கப் குடிச்சுப் பாக்கறேன். என் தம்பி போடறதுக்கு ஈடா இருந்தா அன்னையிலேருந்து வீட்டுலதான் காபி. இல்லன்னா இல்ல. நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு வராதுங்க. நான் பொய் சொன்னா பத்தாயிரம் சட்டை திரும்பி வந்துடும்.”

“நீ பொய் சொல்லவே வேணாம்” என்றார் மாமா.

முதல் கப் மறுநாள் காலை தயாரானது. மாமாவின் உலகத்தில் நூறு டிகிரிக்குக் கீழே இருப்பதெல்லாம் பச்சைத் தண்ணீர். கொதிக்காத பாலைப் பால் என்று அவர் ஒத்துக்கொள்வதில்லை. ஆவிக் குழாயைப் பாலுக்குள் விட்டு, அது தளதளவென்று கொதிக்கும்வரை விடவில்லை. நுரை எழுந்து, கொதித்து, செத்து, மேலே ஏடுதான் மிதந்தது. அக்கா ஒரு வாய் குடித்தாள். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்துக் கிழித்துக் கப்பில் ஒட்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள்.

அடுத்தது சிக்கனத்தில் வந்த வினை. ஒரு கேப்ஸ்யூலை ஒரு தடவை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே இன்னும் தூள் இருக்கிறதே என்று அதையே இரண்டாம் தடவையும் ஓட்டி அதே கப்பில் பிடித்திருக்கிறார். தண்ணீர் அதிகம் விடுகிற பெரிய பொத்தானை அமுக்கி வேறு. அம்பு. அதற்கப்புறம் பால் நுரைத்த மெஷினின் சூடு ஆறும் முன்பே காபியை இறக்கிக் கருக விட்டார். அம்பு. அடுத்து நுரை வந்தது, ஆனால் துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீரில் வருமே, அப்படிக் கொப்புளம் கொப்புளமாக. அன்று அக்கா கப்பில் ஒன்று, தட்டில் ஒன்று என இரண்டு அம்பு ஒட்டினாளாம்.

மாமா அசரவில்லை. பாய்லருக்கு எழுதுவது போலவே ஒரு நோட்டுப் போட்டுக் கட்டம் கிழித்துக்கொண்டார். தேதி, பாலின் அளவு, ஆவி விட்ட விநாடி, கடைசிக் கட்டத்தில் அன்றைய ஸ்டிக்கர். கப்பிலிருந்து பத்திரமாக உரித்து அங்கே ஒட்டிவிடுவார். இரவெல்லாம் பாய்லர் முன் நின்றுவிட்டு வந்து, கண் எரிய எரிய, பதினைந்து நிமிஷத்தில் ஒரு கப் தயாரித்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போனதும் மிச்சத்தைத் தானே குடித்துவிட்டுப் படுப்பார். காபியைக் குடித்துவிட்டு எப்படித் தூக்கம் வரும்? வராது. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கொப்புளத்துக்குக் காரணத்தை அவரே பிடித்தார். பெரிய பாய்லரில் நீராவிக் குழாயைத் திறந்தவுடன் வருவது ஆவி இல்லை, குழாயில் குளிர்ந்து நிற்கும் தண்ணீர். அதை வெளியே விட்டுவிட்டுத்தான் சலவைக்கு ஆவி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் துணி நனைந்து நாசம். தினமும் செய்கிற வேலை. ‘பெரிசுக்கு இருக்கற புத்தி சின்னதுக்கும் இருக்கும்ல’ என்று குட்டிக் குழாயை முதலில் ஒரு ஈரத்துணிக்குள் திறந்து பார்த்தார். இரண்டு விநாடி தண்ணீர் துப்பிவிட்டு, அதன் பிறகுதான் சுத்தமான ஆவி வந்தது. கொப்புளம் பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

அப்போதுதான் என்னிடம் வந்தார். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற சில விஷயங்களில் அடுத்து நடந்ததற்குத்தான் முதல் இடம்.

“மாப்ள, நுரை பட்டு மாதிரி வரணும்னா என்ன செய்யணும்? நீ எப்படிக் கண்டுபிடிக்கற?”

நான் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். பால் சில்லென்று இருக்க வேண்டும், குழாயின் நுனி பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்க வேண்டும், கொஞ்சம் ஏறினாலும் கெட்டது, கொஞ்சம் இறங்கினாலும் கெட்டது என்று. ஆனால் என் கண் ஜன்னலோர நாற்காலிக்குப் போனது. நாள் முழுக்க யார் யாருக்கோ காபி போடுகிறேன். உட்கார்ந்து என்னோடு பேசுகிற ஒரே ஆள் என் அக்கா. அவளும் வராவிட்டால் காலையில் அந்த இருபது நிமிஷம் எனக்கு யார்?

“அதெல்லாம் சத்தம்தான் மாமா. பேப்பரைக் கிழிக்கற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் வரும். அதைக் காதால கேட்டுப் பிடிக்கணும். வேற வழியே இல்ல.”

சொன்னது உண்மைதான். காது கேட்காதவரிடம் அதைச் சொன்னேன் என்பதுதான் விஷயம். அவர் என் முகத்தைப் பார்த்தார். “சத்தமா” என்றார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அன்று முழுக்க நான் போட்ட காபி ஒன்றும் உருப்படியில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் குடித்து, வழக்கம்போல் சூப்பர்வைசரைத் திட்டிவிட்டுப் போனாள். மாமா கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷப்பட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா என் கப்புச்சினோவை ஒரு வாய் குடித்தாள். கப்பைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து இன்னொரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்தி, கூரையைப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் கையை விட்டாள்.

“என்னக்கா தேடறே?”

ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து என் கப்பின் மேல் ஒட்டினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. சிவப்பு அம்பு நேரே என் நுரையைக் காட்டிக்கொண்டு நின்றது.

“நுரை கொஞ்சம் கரடுடா. சூடும் ஒரு பிடி அதிகம்.”

“என்னது? எனக்கா? நான் போட்டதுக்கா?”

“நேத்து வரைக்கும் எனக்கே தெரியல. இன்னைக்குக் காலையில உங்க மாமா போட்டதைக் குடிச்சப்புறம்தான் தெரியுது. மனசுல வச்சுக்காதே. திங்கக்கிழமையும் அதே மாதிரி வந்தாத்தான் பாஸ். ஒரு சட்டைய வச்சு மொத்த லாட்டையும் பாஸ் பண்ண மாட்டேன்.” பஸ் வந்தது, போய்விட்டாள்.

எனக்கு அன்று யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது. முதலாளியிடமே ஒருமுறை சிடுசிடுத்தேன். ஒன்பது வருஷம், ஆளுயர மெஷின், காபி இறங்க இரண்டு குரூப், நிமிஷத்துக்கு ஒரு கப்! மறுநாள் ஞாயிறு, கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும். ஆறரைக்கே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமா அப்போதுதான் வந்து, காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா குளியலறையில் இருந்தாள். கையால் சாடை காட்டினேன்: போடுங்க, நான் பாக்கணும்.

போட்டார். நான் மூச்சு விடாமல் பார்த்தேன். கப்பில் வெந்நீர் ஊற்றிச் சுட வைத்து, கொட்டினார். கேப்ஸ்யூலைப் போட்டுச் சின்னப் பொத்தானை ஒரே தடவை அமுக்கினார். காபி இறங்கியது. கேப்ஸ்யூலைத் தயங்காமல் கூடையில் போட்டார், அதற்கே ஒரு கும்பிடு போடலாம். ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்தார், கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளரையும். என் கடையில் இருப்பது போன்ற கைப்பிடி ஜக் இல்லை, கைப்பிடியே இல்லாத வெறும் டம்ளர். பால் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. ஆவியை ஈரத்துணிக்குள் திறந்து தண்ணீரைத் துப்ப விட்டார். பிறகு டம்ளரின் அடியை இடது உள்ளங்கையில் வைத்து, விரல்கள் ஐந்தையும் சுற்றிப் படரவிட்டு, நுனியைப் பாலில் நுழைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டார். டம்ளரை மயிரிழை அளவு இறக்கினார், நிறுத்தினார், ஒரு மயிரிழை ஏற்றினார். எனக்குக் காதில் கேட்டது. பேப்பர் கிழிகிற அந்தச் சத்தம், ஏறாமல் இறங்காமல், ஒரே சீராக. இவ்வளவு சீராக என் மெஷினில் நானே கேட்டதில்லை. அவருக்கு அதில் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. பிறகு மனசுக்குள் எண்ணுவது போல உதடு அசைந்தது, சட்டென்று ஆவியை நிறுத்தினார். டம்ளரை மேஜையில் ஒரு தட்டு, ஒரு சுழற்று, காபியின் மேல் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

குடித்தேன். என்ன சொல்ல? நுரை நாக்கில் பட்டது தெரியாமல் காபியோடு கலந்து போயிற்று. இனிப்புப் போடாத பாலில் இயல்பாகவே இருக்கும் இனிப்பு அத்தனையும் அதில் இருந்தது. கோபத்தோடு போனவன், கடைசிச் சொட்டு வரைக்கும் கப்பைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “மாமா, அன்னைக்குச் சத்தத்தைக் கேளுங்கன்னு சொன்னேன்ல, அது வேணும்னே சொன்னது” என்றேன்.

“என்னது?”

“வேணும்னேதான் சொன்னேன். உங்களுக்கு வரக் கூடாதுன்னு.”

“என்ன மாப்ள? வேணுமா? இன்னொண்ணு போடவா?”

“வேணும்னே சொன்னேன் மாமா!” என்று கத்தினேன். “உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சே சொன்னேன்! அக்கா என் கடைக்கு வராம போயிடுவாளேன்னு பொறாமையில சொன்னேன்! நான் ஒரு அல்பம்!”

குளியலறைக்குள் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. “யாருடா அல்பம்?” என்று அக்காவின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்ட மாமா மட்டும் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவினார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ள. உன் மூஞ்சி சொல்லிச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கிட்டேதான் போனேன். அப்புறம் யோசிச்சேன். சத்தம்னு ஒண்ணு இருந்தா நடுக்கம்னு ஒண்ணு இருந்தே ஆகணும். நடுக்கம் இருந்தா அது என் கைக்கு வந்தே ஆகணும். ஜக்குல கைப்பிடி இருக்கு, அதுல வரல. தூக்கிப் போட்டுட்டு டம்ளரை எடுத்தேன். நுனி சரியா நின்னா, கையில பூனை உறுமற மாதிரி இருக்கு. ஏறினா குதிக்குது, இறங்கினா செத்துப்போவுது. மூணு எண்ணறதுக்குள்ள கையை எடுத்துடணும்னு தோணிச்சுன்னா சூடு போதும். நீ சொல்லலன்னா அதுல சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்கே உனக்கு இன்னொரு கப் போடலாம்.”

இன்னொரு கப் போட்டார். அதையும் குடித்தேன். முதலாவது ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்ததாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அதே கப்பை அச்செடுத்தது போல இருந்தது இரண்டாவதும். தலையில் துண்டோடு வெளியே வந்த அக்கா, “உன்னைப் பொறுமையா அப்புறம் கவனிச்சுக்கறேன்” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, ஆனால் மனசு லேசாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. பாஸ் ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். சரி, ஏழு பத்துக்குப் பஸ் ஏற வருவாள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஏழு பத்தும் ஆயிற்று. பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை அடித்தார், மறுபடி அடித்தார், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை விரித்தார். பத்தொன்பது வருஷத்தில் காய்ச்சலிலும் மழையிலும் அந்தப் பஸ்ஸை விடாதவள் அவள். பஸ் போய்விட்டது. இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு ஓடினேன்.

வீட்டுக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. தள்ளினேன். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டை, காலில் செருப்பு, கைப்பை தரையில். கிளம்பியவள்தான், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முன்னால் காலிக் கப், அவர் முன்னால் இன்னும் ஆவி பறக்கிற கப். அக்கா இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் நாலு வருஷமாகத் துண்டு துண்டாகச் சொன்ன அதே சூப்பர்வைசர் கதை. அவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். மாமா முழங்கையை மேஜையில் ஊன்றி, அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா! பஸ் போயிடுச்சு!”

“தெரியும்டா. ஹாரன் இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

“கேட்டுமா உக்காந்திருக்கே?”

“பாதிக் கதையில எப்படிடா எந்திரிக்கறது? ஃபோன் பண்ணி அரை நாள் லீவு சொல்லிட்டேன்.”

அவள் லீவு என்ற சொல்லை உச்சரித்து நான் கேட்டதே இல்லை. மூச்சு வாங்க நின்றேன். மாமா அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“மாப்ள! வா, வா! உக்காரு, உனக்கும் ஒண்ணு போடறேன். ஒவ்வொண்ணாத்தான் வரும், கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

நான் நாற்காலியை இழுத்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவனுக்குக் கடை இருக்குங்க, அவன் போகட்டும். நீ கிளம்புடா.” அவரைப் பார்த்துத் திரும்பினாள். “எங்க விட்டேன்?”

“அந்தாளு புது பேன்ட்டோட சாயத் தொட்டி மேல உக்காந்தான், பின்னாடி முழுக்க நீலம். அதைச் சொல்லலாமா வேணாமான்னு நீயும் உன் ஃபிரண்டும் முழிச்சீங்க. அங்க விட்ட” என்றார் மாமா, ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

“ஆங்! அப்புறம் கேளுங்க” என்று அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன். அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், சிரிப்பு வந்தது. தெரு முனை திரும்பும் வரைக்கும் மாமாவின் சிரிப்பும் கூடவே வந்தது, அவ்வளவு சத்தம். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி ஓடி வந்தார்.

“என்னப்பா, அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல முதலாளி” என்றேன். “எங்க மாமா ஜெயிச்சுட்டாரு!”

நானும் கத்தித்தான் சொன்னேன் போலிருக்கிறது. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கப்பை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.